முகமூடியைப் பற்றிய கைகள்

திருவிழா நாடகத்தைத் தம் செலவில் நடத்திய அதிகாரி விபியஸ், பிரம்புடன் மேடையேறினார். ரோமாபுரியில் அடிமைகளே நடிப்பார்கள். குடிமகன் எவனேனும் நடித்தால் அவன் குலத்தின் மானம் அன்றோடு போகும். நடிகனை அடிக்கும் உரிமையோ அதிகாரிக்கு உண்டு.

குழலூதும் ஹெடிலாவை விபியஸ் விரும்பினார். நாடகத்தின் காதலன் வேட முகமூடி அணிந்தவன், சற்றுமுன் திரைமறைவில் அவளை அணைத்து நின்றதை அவரே கண்டார். அந்த வேடம் நடிகன் தல்லுஸுடையது.

"எனக்குப் போட்டியாடா, அடிமை நாயே?"

பிரம்பு முறிந்தது. கட்டையொன்றை எடுத்து விலாவில் அறைந்தார். நாடகத்தைவிட இது வேடிக்கையாக இருந்ததால் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

"விடாதீங்க ஐயா, இன்னும் ரெண்டு போடுங்க!"

"என்னடா காதலா, வாய் அடைச்சுப் போச்சா?"

ஹெடிலா விபியஸின் கால்களைப் பற்றினாள். "வேணாங்கய்யா, செத்துருவாரு!"

"அடிமைக்கு மரியாதை வேறயா?" என்று அவளை உதைத்துத் தள்ளினார்.

அடிபட்டவன் அலறவில்லை, உடலைக் காத்துக்கொள்ளவுமில்லை. முகமூடியை மட்டும் இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தான்.

"மூஞ்சியக் காட்டுடா!"

அவன் விரல்களை மிதித்து நசுக்கி, முகமூடியைப் பிய்த்தெறிந்தார்.

சிரிப்பு அடங்கியது. திரையோரத்திலிருந்து தல்லுஸ் எட்டிப் பார்த்தான். கீழே கிடந்தவன், விபியஸின் ஒரே மகன் தெசிமஸ்.

இரத்தம் வழிந்து கண்களை மறைக்க, அவன் முனகினான்:

"ஹெடிலா பக்கத்துல நிக்கத்தான் தல்லுஸ்கிட்ட முகமூடிய வாங்கினேன்ப்பா. உங்க மானம் போயிடக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் கழட்டவே இல்ல... யாரும் பாக்கலையே?"

மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.