காணிக்காரற்றை கையெழுத்து

மழை விட்டும் விடாத நேரம். முப்பத்தொரு பிள்ளைகளையும் மதிலோரம் வரிசையாக நிறுத்திவிட்டேன். ஆளுக்கொரு குடை, ஆளுக்கொரு வெறும் போத்தல்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வாகனம் கழுவுகிற சேர்விஸ் ஸ்ரேசன். மதிலுக்கு அடியால் ஒரு பைப் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளால் கறுப்பாய், நுரையோடு தண்ணீர் வந்து மழைவெள்ளத்தோடு சேர்ந்து வாய்க்காலில் ஓடியது.

ஜெனிஸ்ரன் குனிந்து போத்தலில் பிடித்தான். மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ரீச்சர், எங்கடை சயிக்கிள் செயின் மணம்!"

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதும். நான் அரை மணித்தியாலம் கரும்பலகையில் எழுதியிருந்தாலும் அவ்வளவு விளங்கியிருக்காது.

தண்ணீரைச் சிக்கனமாகப் பாவி, குழாயை இறுக்கி மூடு என்று வருசாவருசம் படிப்பிக்கிறோம். நல்லது, மூடுவோம். மூடி மூடி மிச்சம்பிடித்த தண்ணீரே ஒயில் மணந்தால் அதை வைத்து என்ன செய்கிறது?

வாய்க்காலைக் கையால் காட்டிச் சொன்னேன். இது போய் விழுவது குளத்தில். குளத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல் முழுக்க ஓட்டை. குளத்தில் விழுந்தது கிணற்றுக்கு வரும். எங்களுக்கென்ன ஆறா ஓடுகிறது? மாரிமழை பெய்தால்தான் கிணறு.

தக்சாயினி மட்டும் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு குளத்தடியில். போன மாரியிலிருந்து அவர்களின் கிணற்றுத் தண்ணீரில் உலை வைக்க முடியாது. தண்ணீர் பவுசர் வருகிற நாளில் பிள்ளை பள்ளிக்கூடம் வராது, தாயோடு வாளி தூக்கும். இந்தத் தவணையில் மட்டும் பதினாறு நாள் வரவில்லை. வரவு இடாப்பில் அதை எண்ணிப் பார்த்த அன்றுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தொழிலை மூடச் சொன்னேனா? இல்லையே. ஒயிலைத் தங்கவைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற மாதிரி ஒரு குழி கட்டச் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். வளவுக்குள் இடமில்லை என்பதுதான் முதலாளியின் ஒரே பதில்.

கேற் திறந்தது. முதலாளி நனைந்துகொண்டே வந்தார். குடை எடுக்கவும் மறந்த கோபம்.

"ரீச்சர், ஆரைக் கேட்டு இஞ்சை வந்தனீங்கள்? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

ரீச்சராம்! எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தனுஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

அது எங்கள் பள்ளிக்கூட அதிபர் கேட்ட கடிதம். காணிச் சொந்தக்காரரின் கையெழுத்து இல்லாமல் பிள்ளைகளை ஒரு வளவுக்கும் கூட்டிக்கொண்டு போகக்கூடாதாம். சொல்லும்போது மனிசன் மீசைக்குள் சிரித்தார். அந்தக் கையெழுத்து எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற நினைப்பு. அடுத்த நாள் காலையே மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வாசித்தார். சிரிப்பு நின்றது.

முதலாளியும் வாசித்தார். கடைசி வரியில் கண் நின்றுவிட்டது. மழைத்துளி விழுந்து மை கசிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

"கலா," என்றார், சத்தத்தைக் குறைத்து. "வீட்டை போய்க் கதைப்பம்."

"வீட்டிலை ஒரு வருசமாய்க் கதைச்சாச்சு."

கேற்றுக்கு மேலே போர்டில் அவருடைய பெயர் ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. இருக்கட்டும். போர்டுக்குக் கீழே கிடக்கிற நிலம் கலியாண எழுத்தன்று அப்பா என் பெயரில் எழுதித் தந்த சீதனம். காணி உறுதியில் இன்னாரின் பெண்சாதி என்று என்னைக் காட்டுவதற்குத்தான் இவருடைய பெயர் வருகிறது.

பதினெட்டு வருசத்தில் ஒரு நாள்கூட நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குக் காட்டிவிட்டேன், அதுவும் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால். வெட்கமாகவும் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

கேற்றை அகலத் திறந்தேன்.

"பிள்ளையள், வாங்கோ உள்ளுக்கு. குழிக்குப் பத்தடி நீளம், ஆறடி அகலம் வேணும். தேடிக் கண்டுபிடியுங்கோ."

வேலையாட்கள் இரண்டு பேரும் வாகனம் கழுவுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் அளவுநாடாவோடு வளவு முழுக்க ஓடினார்கள். பின் மதிலோரம் நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தக்சாயினி கத்தினாள்.

"இடம் இருக்குது ரீச்சர்! ஆனால் இதிலை கார் நிக்குது."

தன்னுடைய கார் வெயில் படாமல் நிற்க முதலாளி தகரம் போட்ட இடம்.

முப்பத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அவர் பக்கம் திரும்பி, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, காரை எடுங்கோ."