ஸ்வெட்டர் போட்ட ஜாடி

கண்ணாடி ஜாடியின் மூடியில் செருகியிருந்த வளைந்த குழாயையே எமர்சன் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலுள்ள தண்ணீரில் ஒரு குமிழ் எழுந்தால் போதும், உள்ளே பீரைப் புளிக்கவைக்கும் யீஸ்ட் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். எழவில்லை. மலையில் அப்படியொரு குளிர். வீட்டில் அவன் காய்ச்சிய பீர் இதற்கு முன்பும் இப்படித்தான் அசையாமல் கிடந்து கெட்டுப்போனது. இந்தமுறையும் போனால் ஜாடியை ஊறுகாய்க்கு எடுத்துக்கொள் என்று மனைவி சுகிர்தாவிடம் சொல்லியிருந்தான்.

“நார்த்தங்காய் நறுக்கியாச்சு,” என்று அவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். “உங்க பீருக்கு எப்போ அடக்கம்?”

“உப்பு வாங்கிட்டு வந்து நானே கொட்டிடறேன், தாயே.”

கல்லுப்புப் பொட்டலத்தோடு அவன் திரும்பியபோது ஜாடி சுகிர்தாவின் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டிருந்தது. கழுத்துவரை பொத்தான்கள். அதன் கைகள் இரண்டும் முன்னால் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. போர்வைக்குள் நடுங்கியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி இது?”

“கத்தாதீங்க. இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு.”

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அவளுக்கும் ஜாடிக்கும் நடுவே உட்கார்ந்தான். குழாயில் இன்னொரு குமிழ் எழுந்து உடைந்தது. வறுத்த பார்லியின் மணம் லேசாக வந்தது.

“அப்போ ஊறுகாய்?”

“வேற பானை இல்லையா என்ன?” என்றபடி அவள் போர்வையில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள்.

அடுத்த குமிழுக்கு அவர்கள் காத்திருந்தபோது ஸ்வெட்டரின் ஒரு கை தானாக அவிழ்ந்து, மெல்ல வந்து, அவன் தோளில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.