எதிர்வீட்டுச் சாட்சி

சிங்கவரத்தில் பைக்கை நிறுத்திய அந்த ஆள், தாண்டவராயன் வீட்டையே சுற்றிச் சுற்றி நோட்டம் விட்டார். எதிர்வீட்டு ராஜாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. தாண்டவராயன் மகளுக்கு வல்லத்தில் வரன் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமலா இருப்பார்கள்?

அவரும் நேராக இவளிடம்தான் வந்தார். “தாண்டவராயன் கூலி வேலைக்குத்தான போறாரு?”

“யாரு சொன்னா? அவருதான் நாலு பேரைக் கூலிக்கு வெக்கிறாரு. மூணு காணி நெலம் இருக்குது சார்.”

“சுவரு இடிஞ்சு கெடக்குதே?”

“மாடி கட்டப் போறாங்க. அவங்களே இடிச்சிட்டாங்க.”

ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை ராஜாம்பாளுக்கு.

“எனக்கு அப்பவே டவுட்டும்மா. புயல்ல சுவரு விழுந்துருச்சு, நிவாரணம் குடுங்கன்னு கவர்மெண்ட்டுக்கு மனு போட்டிருக்காரு. சாட்சிக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”