அழுகிய அவரை விதை

"யமிலேத்துக்கு முதல் பரிசு குடுத்தது தப்பு சார்!"

கோபான் நகரத்துச் சர்ச் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் ஒப்துலியோ நிமிர்ந்தார். வாசலில் நின்ற பெண்ணை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

"அவரை விதையை முளைக்க வச்சு, தினமும் செடியை அளந்து எழுதியிருக்காளே. என்ன தப்பு?"

"அத்தனையும் பொய்யி. விதை முளைக்காமலே அழுகிப்போச்சு. அளவையெல்லாம் மனசுக்குத் தோணினபடி எழுதிட்டா."

ஒப்துலியோவுக்குக் கோபம் வந்தது. "உங்க பிள்ளைக்குப் பரிசு கிடைக்கலைன்னா, இன்னொரு பிள்ளைமேல பழி போடுறதா?"

"அளவை மாத்தி எழுதினா அதுவும் பொய்ச்சாட்சிதான், பத்துக் கட்டளை சோதனைக்கூடத்துக்கும் சேர்த்துதான்னு வகுப்புல நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் நேத்து அழுதுகிட்டே சொன்னா. நான் யமிலேத்தோட அம்மா. பரிசைத் திருப்பிக் குடுக்க வந்துட்டு, உள்ள வர வெட்கப்பட்டு வெளியிலயே நிக்கிறா."

ஒப்துலியோ வேகமாக வெளியே போனார். தலைகுனிந்தபடி யமிலேத் நீட்டிய பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"என் பாடம் உனக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு. அழுகினதை அழுகிச்சுன்னே எழுதிக் கொண்டா. ஏன் அழுகிச்சுன்னு நாளைக்கு வகுப்பே சேர்ந்து கண்டுபிடிப்போம்."