ஊர் சொன்ன குறை

மீன் பொரித்துக்கொண்டே பெண்ணைப் பற்றி விசாரித்துவிடலாம் என்றுதான் புஷ்பவதி நினைத்தாள்.

கடல் கடந்து குடியேறிய பக்குரங்கா வீட்டுக் குசினியில், ரைஸ் குக்கரில் சாய்த்துவைத்த போனில் பாலையடிவெளி வந்தது. வன்னியில் அவள் பிறந்த ஊர். சண்டை முடிந்து திரும்பிவந்த கொஞ்சக் குடும்பங்களும், ஒரு கடையும், ஒரு பள்ளிக்கூடமும், மனம் வைத்தால் வருகிற ஒரு பஸ்ஸும்தான் இப்போது ஊர்.

போன வருடம் அதைப் பார்க்கப் போன மகன் சுலக்ஷனுக்கு, அங்கே கணக்கு டீச்சர் வித்தியாவைப் பிடித்துப்போயிற்று. கல்யாணப் பேச்சை எடுத்தாலே காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவன் முதல் தடவையாகச் சரி என்றிருந்தான். ஊரில் நாலு பேரிடம் ஒரு வார்த்தை கேட்பது முறைதானே.

கடைக்கார இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினார். “பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூட, தங்கச்சி.”

புஷ்பவதி அடுப்பைக் குறைத்தாள்.

அடுத்து எடுத்தது வித்தியாவின் பக்கத்து வீட்டு யோகராணியை. வித்தியா வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும் என்றாள். பஸ் டிரைவரோ, அவள் பஸ்ஸில் தூங்கினால் குறட்டையில் ஹார்ன் கேட்காது என்றார். கோயில் ஐயர், ஏற்கெனவே பொருத்தம் பார்த்துக் கொடுத்த அதே ஐயர், சாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று இழுத்தார்.

கல்யாணத்துக்கு என்று கேட்டால் சண்டைக்காரியைக்கூடத் தங்கமான பிள்ளை என்கிற ஊர் அது. மகனுக்கு என்ன சொல்வது?

ஐயர் போனைச் சரியாக வைக்கவில்லை. அந்தப் பக்கம் யோகராணியின் குரல் கேட்டது.

“நம்பிட்டாவோ?”

“நம்பியிருப்பா.” இது இரத்தினசிங்கம். “இந்தப் பிள்ளையும் போனால் கணக்குப் படிப்பிக்க ஆர் இருக்கினம்? சனம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போயிடும். பிறகு ஊரெங்க?”

புஷ்பவதி அவசரமாகப் போனை அணைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் ஒரே இடத்தில் குந்தியிருந்துதான் ஆள் மாற்றி ஆள் கதை அளந்திருக்கிறார்கள்!

சிரிப்பு பாதியில் நின்றது.

தொண்ணூறாம் ஆண்டு, கணவர் மகேசனின் வீட்டார் கொழும்பிலிருந்து அவளைப் பற்றி இதே ஊரில் விசாரித்தார்கள். ஊர் ஒரே குரலில் தங்கம் என்றது. பேச்சுக்குக்கூட ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஷெல் விழுந்த காலம். ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று நினைத்திருப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இன்றைக்கு வலித்தது.

அப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே கணக்கு டீச்சர் அவள்தான்.

மீன் கருகிய மணத்துக்கு சுலக்ஷன் ஓடிவந்தான். “அம்மா, வாட் டிட் தே ஸே?”

“குறை சொல்லாத ஆளில்லை,” என்றாள் புஷ்பவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “குடுத்துவைச்ச பிள்ளை. கட்டுறதெண்டால் நீதான் அங்க போய் இருக்கவேணும்.”