சம்சு பாயின் புது மிஷின்

“ஒங்க மிஷின் தவிட்ட எங் கோழி மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது பாய். இனி நான் அடுத்த ஊரு மில்லுக்குத்தான் போவேன். வருத்தப்படாதீய.”

குதிரைவாலிப் பையை இடுப்பில் இடுக்கியபடி வெள்ளைத்தாய் சொன்னாள். சொல்லிக்கொள்ளாமல் போகக்கூடாதே என்று மில் வாசல்வரை வந்ததே பெரிய மரியாதை.

ஊருக்குப் பெயர் எப்போதும்வென்றான். அதில் ஒரு மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர் மில்காரர் சம்சுதீன் ஒருவர்தான்.

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய மிஷின் அது. மேலே குதிரைவாலியைக் கொட்டினால் கல் தனியே, உமி தனியே, தவிடு தனியே, அரிசி தனியே வந்து விழும். பழைய மிஷின் என்றால் மூன்று ஓட்டு ஓட்டவேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவே பெண்கள் உட்கார்ந்து சுளகில் புடைக்கவேண்டும். இதில் ஒரே ஓட்டு. வாங்கின டீ ஆறுவதற்குள் அரிசி தயார்.

பிடிக்காவிட்டால் ஒரு மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை கெடு. ஆள் வராத மில்லில் மிஷினை வைத்து என்ன செய்ய? சம்சுதீன் தினமும் அதைத் துண்டால் துடைத்துவிட்டு, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறவர்போல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. அரிசி முழுசு முழுசாக வருகிறது, கஞ்சிக்கு நொய்யே கிடைக்கவில்லை என்று பெத்தம்மாள் குறைப்பட்டாள். நொய் விழும்படி மிஷினைத் திருகிவைத்தார். பெத்தம்மாள் வரவில்லை. சோற்றில் வாசனை போய்விட்டது என்றாள் தங்கமாரி. தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி மாற்றினார். தங்கமாரியும் வரவில்லை.

இப்போது கோழி.

சம்சுதீன் ஒரு கை தவிட்டை அள்ளிக்கொண்டு வெள்ளைத்தாயின் பின்னாலேயே, பஸ்ஸுக்குப் போகிற வழியில் இருந்த அவள் வீட்டு முற்றத்துக்குப் போய்த் தூவினார். கோழிகள் பாய்ந்து வந்து தின்றன. போதாதென்று ஒரு கோழி அவர் கால்விரலையும் கொத்தியது.

“பாத்தியளா? எப்படித் திங்குதுன்னு பாத்தியளா?”

“கோழிக்கு என்ன பாய் தெரியும்?” என்று வெள்ளைத்தாய் பையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் வந்து புலம்பினார். “ஒங்க மிஷின் தங்கம்ங்க. இவளுகளுக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு,” என்று மனைவி தௌலத் பேகம் தேற்றினாள். தேற்றிய கையோடு, முட்டுவலித் தைலம் வாங்க அடுத்த ஊருக்குக் கிளம்பினாள். வாராவாரம் தைலம் வாங்கியும் அந்த முட்டு ஏன் சரியாகவில்லை என்பது தெருவில் பலருக்கும் இருந்த சந்தேகம்.

சம்சுதீனுக்கு உட்கார முடியவில்லை. அந்த மில்லில் அப்படி என்னதான் மிஷின் இருக்கிறது, பார்த்துவிடுவது என்று மொபெட்டை எடுத்தார்.

அடுத்த ஊர் வேணுகோபாலின் மில்லில் இருந்தது தாத்தா காலத்து மிஷின். இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க பாய். இங்க என்னத்தப் பாக்க வந்தீய? நானே ஒங்க மிஷின வந்து பாக்கணும்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்,” என்றார் வேணுகோபால். “இதுல பாதி நொய்யாப் போவுது. உமியும் தவிடும் கலந்தேதான் விழுது. ஆனா கூட்டம் மட்டும் குறைய மாட்டேங்குது. எனக்கே வெளங்கல.”

பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரே சுளகுச் சத்தம். சம்சுதீன் எட்டிப் பார்த்தார். பெத்தம்மாள், தங்கமாரி, அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட வெள்ளைத்தாய். நடுவில் முக்காட்டைச் செருகிக்கொண்டு, முட்டு மடக்கி, ஜோராகப் புடைத்துக்கொண்டிருந்தாள் தௌலத் பேகம்.

“ஏ தௌலத்து, நீயுமா? நம்ம மிஷின்ல என்ன குறைன்னு இப்பவாவது ஒருத்தியாவது வாயத் தொறந்து சொல்லுங்க.”

தௌலத் பேகம் சுளகை நிறுத்தவில்லை.

“மிஷின்ல ஒரு குறையும் இல்லங்க. பாண்டிராஜ் மருமக கோவிச்சிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போன கதைய இந்தப் பெத்தம்மா ஆரம்பிச்சிருக்கா. அவ ஏன் போனாங்கது ரெண்டாவது ஓட்டுலதான் வரும். எப்படித் திரும்பி வந்தாங்கது மூணாவது ஓட்டுல. ஒங்க மிஷினு, அந்த மருமக பஸ் ஏறுறதுக்கு முந்தியே எங்க கையில அரிசியக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருது.”

திங்கட்கிழமை கம்பெனிக்காரர் வந்தபோது, மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்ற சம்சுதீன், இதையே மூன்று ஓட்டாகப் பிரித்து ஓட்ட ஏதாவது வழி உண்டா என்று மட்டும் கேட்டார்.