உறையாத ரத்தம்

மதிய வெயில் ஆஸ்பத்திரிச் சன்னலின் கம்பி நிழல்களைத் தரையில் நீட்டியிருக்கிறது. கட்டிலில் குழந்தைசாமி படுத்திருக்கிறார். காலையில் கடலைக் கொல்லையில் அவர் காலில் விரியன் கடித்தது. விஷம் இறங்கட்டும் என்று மனைவி அமிர்தவல்லி கடிவாயைச் சவரக்கத்தியால் கீறிவிட்டாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கீறிய இடத்தில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. அவள் கட்டிலடியில் உட்கார்ந்து, கிழித்த வேட்டித் துணியால் அழுத்திக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாயில், விஷமுறிவு ஊசி போட்டபின் எடுத்த அவருடைய ரத்தம் இருக்கிறது. இருபது நிமிஷத்தில் அது உறைந்தால் விஷம் முறிகிறது, பிழைப்பார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“பல்லு ஈறுலயும் வருதுங்களே. அங்க நான் கத்தி வைக்கலையே,” என்கிறாள் அமிர்தவல்லி.

“ஒடம்புல இருக்கற ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் செல்லு செல்லா இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். விஷம் அந்த ஒட்டப் பிரிச்சிடுது. ரத்தத்தையும் உறைய விடாது,” என்கிறார் டாக்டர்.

அவள் ஆலிலைகளை ஈர்க்குக் குச்சியால் சேர்த்துத் தைத்துக் காப்பிக் கடைக்குக் கொடுக்கிறவள். “ஈர்க்க உருவுன எலை மாதிரிங்களா?”

“ஆமா.”

“திரும்பத் தைக்க ஊசி இல்லீங்களா?”

“இல்லம்மா. விஷத்த முறிக்கத்தான் ஊசி. செல்லு தானாத்தான் சேரணும்.”

“இவ அருவாளத் தூக்காம விட்டாளே,” என்கிறார் குழந்தைசாமி. அவர் பற்கள் சிவந்திருக்கின்றன. யாரும் சிரிக்கவில்லை.

இருபது நிமிஷம் ஆனதும் டாக்டர் கண்ணாடிக் குழாயைச் சாய்க்கிறார். ரத்தம் தண்ணீர்போல் ஓடுகிறது. “இன்னொரு ஊசி போட்டுப் பாப்போம்,” என்று குழாயை நிமிர்த்தி வைக்கிறார். அமிர்தவல்லி துணியைத் திருப்பி வெள்ளைப் பக்கம் தேடுகிறாள். மறுபடி திருப்புகிறாள். பிறகு தேடுவதை விட்டு, இருந்தபடியே வைத்து அழுத்துகிறாள்.